இருபத்து மூன்று டிகிரி

மார்ச் 4

அத்தைக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் பால் பண்ணையின் புகைபோக்கி தெரிகிறது. வேலை பழைய வேலைதான்: பால் வந்த வண்டியில் சூடு எவ்வளவு, தொட்டியில் எவ்வளவு என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து எழுதுவது. நான்கு மாதத்துக்கு இங்கேதான்.

போனில் பேச வேண்டாம் என்று நான் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போனில் மூன்றாவது வார்த்தையிலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் அடித்துத் திருத்தலாம். உங்கள் பிள்ளையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று வாசலில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் என்னைச் சொன்னதை மறக்க முடியவில்லை. அதைப் பற்றி இப்போது பேசவும் வேண்டாம்.

அவருடைய கடல்குதிரைத் தொட்டியைப் பற்றி மட்டும். அவர் போன பிறகு எனக்கு மிச்சம் அது ஒன்றுதான். பேருந்தில் தூக்கி வர முடியாது என்பதால்தான் உங்களிடம் விட்டேன். கடல்குதிரைகளுக்குத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இருபத்து மூன்று டிகிரி. இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற சில்லர் பெட்டிதான் தண்ணீரை இழுத்துக் குளிர வைத்துத் திருப்பி அனுப்புகிறது. அதை அணைக்கவே கூடாது. தண்ணீர் குறைந்தால் உப்பு போடாத நல்ல தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றுங்கள். உறைந்த இறாலை ஒரு கிண்ணத்தில் கரைய விட்டு, காலையும் மாலையும் கொடுங்கள்.

கொக்கி என்பவன் எப்போதும் வாலால் எதையாவது பிடித்துக்கொண்டே இருப்பான். மேனேஜர் என்பவள் காலையில் ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் முறைத்துவிட்டு மூலைக்குப் போய்விடுவாள். பெயர் வைத்தது அவர்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சின்னப் பெட்டியில் சிவப்பாக எண் தெரியும். தினம் இரண்டு வேளை அதைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். எனக்கு அனுப்புங்கள்.

மருமகள்


மார்ச் 11

மருமகளுக்கு அத்தை எழுதிக்கொண்டது.

நான்காம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கடைசியாகக் கடிதம் எழுதியது உன் மாமா இருந்தபோது.

உன் தொட்டி நன்றாக இருக்கிறது. அந்தப் பெட்டிதான் நாள் முழுக்க உர் உர் என்கிறது. சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் மெஷின் சத்தம் கேட்டுவிட்டு வந்தால் வீட்டிலும் ஒரு மெஷின். கீழ்வீட்டுக்காரி மாடி ஏறி வந்து, "என்னக்கா, மாவு மில்லு வச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். "இல்லடி, குதிரை வளக்கறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவள், தொட்டியைப் பார்த்ததும் திரும்பிப் படி இறங்கிவிட்டாள். அவன் நினைவு வந்திருக்கும்.

அவன் லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து, கையில் கிரீஸோடு அப்படியே அதன் முன்னால் உட்காருவான். கையைக் கழுவுடா என்று நான் கத்துவேன். இப்போது அந்த முக்காலியில் நான் உட்காருகிறேன். நீ கிளம்பிய அன்று மேசைமேல் வைத்துவிட்டுப் போன வீட்டுச் சாவியை நான் தொடவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நேற்று கண்ணாடி துடைக்கும்போது தண்ணீரில் கையை விட்டேன். அப்படியே இழுத்துக்கொண்டேன். அவ்வளவு குளிர். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவன் காலைப் பிடித்தபோது இப்படித்தான் இருந்தது. இதுகள் எப்படித் தாங்குகின்றன? கொக்கி வாலைச் சுருட்டிக்கொண்டு ஒடுங்கி நிற்கிறதைப் பார்த்தால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

எண்ணைப் பார்த்து எழுதுகிறேன். இன்று 23.

அத்தை


மார்ச் 19

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன்.

அது ஒடுங்கி நிற்பது குளிரால் இல்லை. அதன் சுபாவமே அது. நமக்குக் குளிர், அதற்கு அது சரி. தயவுசெய்து வெந்நீர் எதுவும் ஊற்றிவிடாதீர்கள். சூடு ஏறினால் முதலில் நல்ல சுறுசுறுப்பாகத் தெரியும். பிறகு சாப்பாட்டை விட்டுவிடும். பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

எண்களை அனுப்புங்கள். ஒரு நாள்கூட விடாமல்.

மருமகள்


ஏப்ரல் 6

மருமகளுக்கு,

வேலை அதிகம். விடுதியில் ஏதோ கல்யாணக் கூட்டம், ஒரே நாளில் முந்நூறு படுக்கை விரிப்பு. இஸ்திரி போட்டுப் போட்டுத் தோள் கழன்றுவிட்டது. அதனால்தான் எழுதத் தாமதம்.

நோட்டுத் தாளைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். மார்ச் பன்னிரண்டு முதல் ஏப்ரல் ஐந்து வரை. காலை 23, மாலை 23. ஒரு நாளும் விடவில்லை.

ஒரு விஷயம். கொக்கிக்கு வயிறு வீங்கியிருக்கிறது. பலூன் மாதிரி. நீர் கோத்துக்கொண்டதோ என்று பயமாக இருக்கிறது. மருந்து ஏதாவது உண்டா?

மற்றபடி இரண்டும் சௌக்கியம். மேனேஜர் மூலையில் இருக்கிறாள்.

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அதை எழுதவே மாட்டேன் என்கிறாய்.

அத்தை


ஏப்ரல் 12

அத்தைக்கு,

கொக்கிக்கு நோயில்லை. கர்ப்பம். சிரிக்காதீர்கள். இந்த இனத்தில் பெண் முட்டையை ஆணின் வயிற்றுப் பையில் போட்டுவிட்டுப் போய்விடும். சுமப்பது, பெறுவது எல்லாம் அப்பாவின் வேலை. இரண்டு வருடம் அவர் இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். "மேனேஜர் கையெழுத்துப் போட மாட்டேங்கறா" என்று கேலி செய்வார். அவர் போய் இரண்டு மாதம் கழித்து நடந்திருக்கிறது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்திலேயே அழுதுவிட்டேன்.

பிறகு உங்கள் எண்களைப் பார்த்தேன்.

அத்தை, நான் செய்கிற வேலையே எண் எழுதுவது. குளிர்ப்பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டும். அவருடைய பழைய நோட்டு என்னிடம் இருக்கிறது. 22.7, 23.4, 23.1, ஒரு நாள் மின்சாரம் போனபோது 24.6. உங்கள் தாளில் இருபத்தைந்து நாளும் 23. புள்ளிகூட இல்லை. எங்கள் பண்ணையில் யாராவது இப்படி எழுதிக் கொடுத்தால், அவர் மீட்டர் பக்கமே போகவில்லை என்று அர்த்தம்.

மேனேஜர் மூலையில் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன செய்துகொண்டிருக்கிறாள்?

மருமகள்


ஏப்ரல் 17

மருமகளுக்கு,

மூன்று தாள் கிழித்துப் போட்டாயிற்று. இதுவும் கிழிந்துவிடுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மேனேஜர் செத்துவிட்டாள். ஏப்ரல் மூன்றாம் தேதி. அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் சௌக்கியம் என்று உனக்கு எழுதினேன். இன்னும் கேள். அவள் செடியைப் பிடித்தபடியே செத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, அவள் வாய்ப்பக்கத்தில் இறாலைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன். ஒன்றரை நாள். கீழ்வீட்டுக்காரிதான், "அக்கா, அது கண்ணு வெளுத்துப் போயிருக்கு, பாருங்க" என்றாள்.

கொன்றது நான். மார்ச் பதிமூன்றாம் தேதி அந்தப் பெட்டியை அணைத்தேன். சத்தத்துக்காக இல்லை. குளிரைத் தாங்க முடியவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை, அவைகளுக்கு இல்லை, அது இப்போது தெரிகிறது. அணைத்துவிட்டு அவன் போர்த்திக்கொள்கிற கம்பளியை எடுத்துத் தொட்டியைச் சுற்றிப் போர்த்தினேன். முன்பக்கம் மட்டும் பார்க்கிற மாதிரி விட்டேன். மறுநாள் இரண்டும் நன்றாக ஓடின. ஆடின. பார்த்தாயா, உயிர் வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை. உன் கடிதம் வந்தது, சூட்டில் முதலில் சுறுசுறுப்பாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். படித்தேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். படித்தவர்களுக்கு எல்லாம் தெரியும், ஆனால் பெற்றவளுக்குத் தெரிகிறது வேறு என்று ஒரு திமிர்.

எண்ணைப் பார்ப்பதை அன்றோடு விட்டேன். பார்த்தால் தெரிந்துவிடுமே. நீ 23 என்று சொன்னாய், 23 என்று எழுதினேன்.

மேனேஜர் போன பிறகு பயந்துபோய், கம்பளியைக்கூட எடுக்காமல் பெட்டியைத் திரும்ப ஓட விட்டேன். கருகிய வாடை வந்து நின்றுவிட்டது. தொட்டி விற்ற வளர்ப்பு மீன்கடைக்காரரைக் கூப்பிட வெட்கம். ஐஸ் பாட்டிலை நானே போட்டுப் போட்டு எடுத்தேன். உன் கடிதம் வந்த அன்றுதான் அவரை வரவழைத்தேன். பெட்டியைத் திறந்து, காற்று போகிற வழியில் கம்பளிப் பஞ்சு அடை அடையாக அப்பியிருந்ததைக் காட்டினார். "ஏம்மா, இதுக்கு சளி பிடிச்சிடும்னு போத்திவிட்டீங்களா?" என்றார். கேலியாகத்தான் கேட்டார். நான் ஆமாம் என்றதும் குனிந்து பஞ்சைப் பிடுங்கிப் போட ஆரம்பித்தார்.

இத்தோடு நிறுத்தினால் உனக்குப் பாதிதான் சொன்னதாக ஆகும்.

அவனுக்குக் காய்ச்சல் வந்த மூன்று நாளும் நீ ராப்பகலாக வேலையில் இருந்தாய். பண்ணையில் சோதனைக்கு ஆள் வந்திருக்கிறார்கள், லீவு கிடையாது என்றாய். மதியம் மதியம் போன் போட்டு, "அத்தை, எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாய். நூறு என்றேன். மூன்று நாளும் நூறு. நீ வாங்கி வைத்த தெர்மாமீட்டரை உறையிலிருந்தே எடுக்கவில்லை. அவனைக் கம்பளியில் சுற்றி, ஜன்னலைச் சாத்தி, வியர்த்தால் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். "அம்மா, மூச்சு முட்டுதும்மா, எடும்மா" என்றான். "சும்மா கெடடா" என்றேன். முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நீ சொன்னாய். நான்தான் தடுத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி நீ வந்து பார்த்து ஆட்டோவில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனபோது நெஞ்சு முழுக்கச் சளி கட்டிவிட்டது என்றார்கள்.

அப்புறம் வாசலில் நின்று, "ஆஸ்பத்திரில குளிர் ரூம்ல போட்டு எம்புள்ளயக் கொன்னுட்டா பாவி" என்று உன்னைக் கை நீட்டிக் கத்தினேன். கத்தும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவ்வளவு உரக்கக் கத்தினேன்.

கொக்கி உயிரோடு இருக்கிறது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பாட்டில் மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீருக்கு மேலே ஒரு ஃபேன் வைத்திருக்கிறேன். இப்போது பார்த்தேன், 27.9.

உன் முகத்தில் விழிக்க எனக்கு முகம் இல்லை.

அத்தை


ஏப்ரல் 24

கடிதம் வந்தது.

மீன்கடைக்காரரிடம் போனில் பேசிவிட்டேன். பழைய சில்லர் ஒன்று கொண்டுவந்து மாட்டுவார். ஒரே நாளில் குளிர வைக்காதீர்கள். ஒரு நாளுக்கு ஒரு டிகிரி, அவ்வளவுதான் இறக்கலாம். இருக்கிற எண் எதுவோ அதை எழுதுங்கள். கெட்ட எண்ணாக இருந்தாலும் எழுதுங்கள்.

காய்ச்சலைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னால் இப்போது பதில் எழுத முடியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். என்னைக் கொலைகாரி என்றது அத்தனை பேர் முன்னால். இல்லை என்று சொன்னது ஒட்டின உறைக்குள் வைத்து, எனக்கு மட்டும். நான் கிளம்பும் வரைக்கும் மாமா வீட்டு ஆட்கள் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். உங்களை எதுவும் செய்யச் சொல்லவில்லை. தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.


மே 5

மருமகளுக்கு,

முதலில் எண். ஏப்ரல் 26 காலை 27.2, மாலை 27.8. 27ஆம் தேதி 26.4, 26.9. 28ஆம் தேதி மின்சாரம் போய் 28.1, அன்றைக்கு ஐஸ் பாட்டிலோடு போராட்டம். அதன் பிறகு இறங்கி இன்று காலை 24.3, மதியம் 24.9. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்ததுதான் எல்லாம்.

ஏப்ரல் 30 காலை ஆறரைக்குக் கொக்கி குட்டி போட்டது. வளைந்து வளைந்து வயிற்றை அமுக்கி, ஒவ்வொரு தடவையும் நாலு அஞ்சு என்று புகை மாதிரி வெளியே விட்டது. எனக்குப் பிரசவ வலி ஞாபகம் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அறுபத்திரண்டு எண்ணினேன். பாதிக்கு மேல் செத்துத்தான் பிறந்தன. சூடுதான் காரணம் என்று மீன்கடைக்காரர் தானாகச் சொல்லவில்லை. நான்தான் கேட்டு வாங்கினேன். மறுநாள் உயிரோடு பதினான்கு. இன்று ஆறு. அவர் கொடுத்த பொடி இறாலை ஊட்டுகிறேன். நாளைக்கு எத்தனை என்று தெரியாது. தெரிந்த அன்று எழுதுகிறேன்.

இனி அடுத்தது. என் தம்பி புது வீட்டுக்குப் போனான், எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை போனேன். அன்று வாசலில் நின்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இருந்தார்கள். இலை போட்டு உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் இருங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

"சாப்பிட்டுட்டுச் சொல்லேன்க்கா, ஆறிடும்" என்றான் தம்பி.

"ஆறட்டும். என் மருமக என் பிள்ளையக் கொன்னான்னு சொன்னேன்ல, அது பொய். மூணு நாளு அவனப் போத்தி மூடி வச்சது நான். முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அவ சொன்னப்ப விடாததும் நான். அவ போன்ல கேட்டப்பல்லாம் நூறுன்னு பொய் சொன்னதும் நான். அவதான் தூக்கிட்டுப் போனா."

உன் பெரிய மாமனார் சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு லெட்டர் போட்டு மிரட்டுதா?"

"மிரட்டல. மிரட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவ்வளவுதான், எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பெத்தவ வேணும்னா செய்வா, தெரியாம நடந்தது, அழாத, தண்ணி குடி. தம்பி என் தலையைத் தடவினான். எனக்கு அத்தனை பேர் ஆறுதல் சொன்னார்கள். உன்னைப் பற்றி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு நான் கத்தினதைவிட இது எனக்கு அசிங்கமாக இருந்தது. "அவகிட்டப் போய் கேளுங்க மன்னிப்பு, எங்கிட்ட என்ன?" என்று கத்திவிட்டு, சாப்பிடாமல் இறங்கி வந்துவிட்டேன்.

தம்பி பெண்டாட்டி மட்டும் தெருமுனை வரை கூடவே வந்தாள். "ஏன் அண்ணி, அந்தப் பிள்ளை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே. முதல் நாளே கூட்டிட்டுப் போறேன்னேன், இவங்கதான் விடலன்னு. ஏன் வாயே திறக்கல?" என்று கேட்டாள். வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். ஏன் பேசாமல் நின்றாய்?

அத்தை


மே 10

அத்தைக்கு,

உங்கள் தம்பி மனைவி நேற்று எனக்குப் போன் செய்தார். அழுதார். நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னார்.

ஏன் பேசவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டோவில் அவர் தலை என் மடியில் இருந்தது. மூச்சு விட்டு விட்டுச் சொன்னார்: "அம்மா தெர்மாமீட்டர வைக்கவே இல்ல. உங்கிட்ட நூறுன்னு சொல்றதக் கேட்டுட்டேதான் படுத்திருந்தேன். அவங்க பயந்துபோய் இருந்தாங்க. நானும் சும்மா இருந்துட்டேன். இத எப்பவும் அவங்ககிட்ட கேட்டுடாத. தாங்க மாட்டாங்க." கேட்க மாட்டேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் முழுதாக எதுவும் பேசவில்லை.

அதனால் வாசலில் பேசாமல் நின்றேன். ஆனால் என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்தத் தொட்டியை மீன்கடைக்காரரிடமே விட்டிருக்கலாம். அவரே கேட்டார், "நாலு மாசம் நான் பாத்துக்கறேம்மா" என்று. வேண்டாம் என்று சொல்லி உங்களிடம் விட்டேன். தினம் இரண்டு வேளை ஒரு மீட்டருக்கு முன்னால் உங்களை நிறுத்தி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். வாக்கைக் காப்பாற்றிக்கொண்டே உங்களைத் தண்டிக்க எனக்குக் கிடைத்த வழி அதுதான். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்ததை நீங்கள் எழுதியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது. அப்போதும் எண்ணைத்தான் கேட்டேன். மேனேஜரையும் அந்தக் குட்டிகளையும் நீங்கள் ஒருத்தி மட்டும் கொல்லவில்லை.

இன்னொன்று. போனில் நீங்கள் நூறு என்று சொன்ன மூன்றாம் நாள், பின்னால் அவர் இருமுவது எனக்குக் கேட்டது. நூறில் அப்படி இருமல் வராது என்று எனக்குத் தெரியும். சோதனைக்காரர்கள் பக்கத்து அறையில் காத்திருந்தார்கள். சரி அத்தை என்று சொல்லி வைத்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களைப் போல் இலை முன்னால் எழுந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

பண்ணையில் ஒரு வாரம் லீவு கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை மதியம் வருவேன். கதவைத் திறக்க மாடியிலிருந்து ஓடி வர வேண்டாம். கிளம்பிய அன்று மேசைமேல் நான் வைத்துவிட்டுப் போனது அவருடைய சாவி. என்னுடையது என்னிடமே இருக்கிறது.

மருமகள்